இடது காலுக்கு அனுமதி

படிகக்காரனின் தலைமுடி திங்கட்கிழமை போனது. மீசை புதன்கிழமை. வியாழக்கிழமை புருவமும் போய்விட்டது. இத்தனைக்கும் அவன் உடம்புக்கு ஒரு குறையும் இல்லை. நன்றாகச் சாப்பிட்டு நன்றாகத் தூங்கும் ஆசாமி. அவன் செய்த ஒரே தப்பு, பதினோரு வருஷமாகத் திறந்துகொண்டிருந்த தொட்டியை அதற்கு முந்தின வாரமும் திறந்து பார்த்ததுதான்.

கதையை முதலில் இருந்தே சொல்லிவிடுகிறேன். பாதியில் தொடங்கினால் அவனைப் பைத்தியம் என்று நினைத்துவிடுவீர்கள். இந்தக் கதையில் பைத்தியம் உண்டு, ஆனால் அது அவன் இல்லை.

மூட்டு வலிக்கு மாத்திரை செய்கிற கம்பெனி அது. ஆற்றுக்கு இந்தக் கரையில் பழைய ஆலை, அந்தக் கரையில் புது ஆலை. மருந்தைச் சூடாகக் கரைத்துப் பெரிய தொட்டியில் ஊற்றி, அவசரப்படாமல் ஆறவிட்டால், அது படிகமாக அடியில் இறங்கும். அதைப் பக்குவமாக இறக்கத் தெரிந்தவரைப் படிகக்காரர் என்பார்கள். பழைய ஆலைக்கு இவன். புது ஆலைக்கு இவன் மனைவி. இருவரும் ஒரே கல்லூரியில், ஒரே மேசையில் கரிம வேதியியல் படித்து, ஒரே குடுவையை உடைத்து, ஒன்றாகத் திட்டு வாங்கியவர்கள்.

"நமக்குள்ள இருக்கிறது என்ன பிணைப்பு?" என்று அவன் அந்தக் காலத்தில் அசட்டுத் தைரியத்தில் ஒருநாள் கேட்டான்.

"இப்போதைக்கு ஹைட்ரஜன் பிணைப்பு. ரொம்பப் பலவீனமானது," என்றாள் அவள். அவன் முகம் தொங்கிப்போனதைப் பார்த்து, "கடல் முழுக்க அந்தப் பலவீனத்துலதான் நிக்குது, தெரியுமில்ல?" என்றும் சேர்த்துச் சொன்னாள். அன்றைக்கு விழுந்தவன்தான், இன்னும் எழுந்திருக்கவில்லை.

பதினோரு வருஷமாக அந்த மருந்து மெல்லிய வெள்ளை ஊசிகளாகவே இறங்கிக்கொண்டிருந்தது. அந்தச் செவ்வாய்க்கிழமை தொட்டிக்கு அடியில் ஊசி ஒன்றுகூட இல்லை. கற்கண்டு மாதிரி குட்டை குட்டையாகக் கல் கிடந்தது. மருந்து அதேதான், ஓர் அணு கூடவும் இல்லை, குறையவும் இல்லை. அடுக்கு மாறிவிட்டது, அவ்வளவுதான். ஒரே துணிமணியை ஒருவர் மடித்துப் பெட்டியில் வைப்பார், இன்னொருவர் சுருட்டித் திணிப்பார் இல்லையா, அப்படி. ஊசி வயிற்றுக்குள் போனதும் கரைந்துவிடும். கல் கரையாது. விழுங்கினால் உள்ளே ஆர அமரச் சுற்றிப் பார்த்துவிட்டு, மூட்டுக்கு ஒரு நன்மையும் செய்யாமல், மறுநாள் காலையில் போன உருவத்திலேயே வெளியே வந்துவிடும்.

மூலக்கூறுகளும் நம்மைப் போலச் சோம்பேறிகள்தான். கல்லாகக் கிடப்பது சுகம் என்று ஒருமுறை கண்டுகொண்டால், அப்புறம் ஊசியாக நிற்க மாட்டேன் என்று அடம்பிடிக்கும். கண்ணுக்குத் தெரியாத கல் துகள் ஒன்று, யாருடைய தலைமுடியிலோ சட்டைப் பொத்தானிலோ ஒட்டிக்கொண்டு வந்து விழுந்தால் போதும், தொட்டி முழுவதும் கல்லாகிவிடும். இதை நான் கதைக்காக அவிழ்த்துவிடவில்லை. படிகம் இறக்கிப் பழகிய யாரிடமாவது கேட்டுப் பாருங்கள், பெருமூச்சு விடுவார்கள்.

பழைய ஆலையை மூன்று முறை கழுவிப் பார்த்தார்கள். மூன்று முறையும் கல். பூட்டிவிட்டார்கள். பழைய ஆலையில் கால் வைத்தவர் யாரும் புது ஆலைப் பக்கம் எட்டிப் பார்க்கக் கூடாது, அங்கே வேலை செய்கிறவர்களோடு பழகவும் கூடாது என்று உத்தரவு வந்தது. மற்றவர்களுக்கு இதனால் ஒரு நஷ்டமும் இல்லை. அக்கரையில் பெண்டாட்டி உள்ளவன் படிகக்காரன் ஒருவன்தான்.

உத்தரவை நிறைவேற்றும் பொறுப்பு தரக் கட்டுப்பாட்டு அதிகாரியின் தலையில் விழுந்தது. ஆலையில் அந்த அம்மாளுக்குச் சல்லடை என்று பெயர். எதையும் சலித்துப் பார்க்காமல் விடமாட்டார், மனிதர்களையும் சேர்த்து. கெட்டவர் என்று சொல்லிவிட முடியாது. மல்லிகை மணத்திலும் கழிவறை நாற்றத்திலும் இருப்பது இண்டோல் என்ற ஒரே பொருள்தான், சொட்டாக இருந்தால் மணக்கும், குடமாக இருந்தால் மூக்கைப் பொத்திக்கொள்ள வேண்டும். சல்லடையின் அதிகாரமும் அந்த ரகம். அந்த மாதம் அவருக்கு அதைக் குடம் குடமாகக் கொடுத்திருந்தார்கள்.

அவனை ஆலைக்குள் விட முடியாது என்பதால் பாலத்தின் நடுவில் மேசை போட்டு விசாரித்தார். காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று விரலை நனைத்துப் பார்த்துவிட்டு, எதிர்ப்பக்கமாக உட்கார்ந்துகொண்டார்.

"உங்களுக்கும் புது ஆலைப் படிகக்காரம்மாவுக்கும் தொடர்பு உண்டா?"

"கல்யாணம் ஆகி ஒன்பது வருஷம் ஆச்சு மேடம். நீங்ககூட வந்திருந்தீங்களே."

"வந்தேன். சாப்பாடு நல்லா இருந்துச்சு. வாரத்துக்கு எத்தனை தடவை தொடர்பு? படிவத்துல மூணு வகை இருக்கு. கை, துணி, மற்றவை."

"மற்றவைன்னா?"

"அதை நீங்கதான் விவரமா எழுதணும். இடம் பத்தலைன்னா தனித்தாள் தர்றேன்."

அவன் காது மடல் வரை சிவந்து, மற்றவை என்ற இடத்தில் 'ஆறட்டும்' என்று எழுதினான். அது அவன் பழக்கம். தொட்டியோ சண்டையோ, எது வந்தாலும் ஆறட்டும் என்பதுதான் அவன் வாயில் வரும் முதல் வார்த்தை. சல்லடை அதைப் படித்துவிட்டு, ஆறு தடவை என்று திருத்தி எழுதிக்கொண்டார்.

முடிவு இதுதான். அவன் உடம்பில் கல் துகள் இல்லை என்று நிரூபணம் ஆகும் வரை வீட்டுக்குப் போகக் கூடாது. மனைவி தினமும் ஊசித் தொட்டிக்குப் போய் வருகிறவள். வீட்டுக்குள் இவன் நுழைந்தால் இவன் தலையணையில் இருந்து அவள் தலைக்கு, அவள் தலையில் இருந்து தொட்டிக்கு என்று கல் நடந்தே போய்விடும்.

மனைவியின் தம்பி பழைய ஆலைக்குப் பக்கத்துத் தெருவில் சலூன் வைத்திருந்தான். சலூனுக்கு மேலே ஓர் அறை காலியாகக் கிடந்தது. அக்கா புருஷனை அங்கே தங்கவைத்ததும் அவன்தான், மழுங்கச் சிரைத்ததும் அவன்தான். சிரைத்த முடியை ஒன்றுவிடாமல் பைகளில் போட்டு முத்திரை வைத்துச் சல்லடை எடுத்துக்கொண்டு போனார்.

"இத்தனை வருஷத்துல நான் வெட்டின முடியைக் கையெழுத்து போட்டு வாங்கிட்டுப் போன முதல் ஆள் அந்த அம்மாதான் மாமா," என்றான் மச்சினன். "புருவம் வேணும்னா மையில வரைஞ்சு விடவா? இப்ப நீங்க என்ன நினைக்கிறீங்கன்னே தெரியல."

அவன் என்ன நினைத்தான் என்பதில் ஒரு ரகசியமும் இல்லை. வீட்டுக்குப் போக வேண்டும், அவ்வளவுதான். ஒன்பது வருஷமாகப் பக்கத்தில் ஓர் ஆள் குறட்டை விட்டால்தான் அவனுக்குத் தூக்கம் வரும். மச்சினனின் அறையில் மின்விசிறி மட்டும்தான் சத்தம் போட்டது, அதற்கும் தாளம் தப்பியது.

சோதனை ஒவ்வொரு புதன்கிழமையும் நடந்தது. சல்லடை ஒரு மனித உருவத்தை வரைந்து, அதை முப்பத்திரண்டு வட்டாரங்களாகப் பிரித்து எண் போட்டிருந்தார். வட்டாரத்துக்கு ஒரு பஞ்சுக் குச்சி. தேய்த்து எடுத்துக்கொண்டு போய், தெளிந்த மருந்துக் கரைசல் உள்ள குழாயில் போடுவார். ஊசி விழுந்தால் அந்த வட்டாரம் சுத்தம். கல் விழுந்தால் மறுபடி சோப்பு. சுத்தமானதற்கு முத்திரை குத்திய சான்றிதழ் வரும். முதல் வாரம் வந்த சான்றிதழில், 'மேற்படி நபரின் இடது கால் முழங்காலுக்குக் கீழே ஊசி என உறுதி செய்யப்படுகிறது. இடது காலுக்கு அனுமதி உண்டு' என்று இருந்தது. மீதி முப்பத்தோரு வட்டாரமும் கல்.

அன்று சாயங்காலம் மனைவியிடம் போனில் சொன்னான்.

"அப்ப அந்தக் காலை மட்டும் அனுப்பு. வாசல்ல வெச்சுட்டுப் போகச் சொல்லு," என்றாள் அவள்.

"கிண்டல் பண்ணாத. சான்றிதழ் இருக்கு."

"நான் எங்க கிண்டல் பண்றேன்? நான் இங்க தனியா உட்கார்ந்து ரெண்டு பேருக்குச் சமைச்சுத் தொலைக்கிறேன். காலாவது வரட்டும்."

சல்லடையிடம் கேட்டார்கள். அந்த அம்மாள் விதிமுறைக் கோப்பை முன்னும் பின்னும் புரட்டிவிட்டு, அனுமதி என்றால் அனுமதிதான் என்று சொல்லிவிட்டார். ஞாயிற்றுக்கிழமை காலை பதினொரு மணிக்கு, இடது காலைத் தவிர, கழுத்து முதல் கீழே வரை பிளாஸ்டிக் உறையில் சுற்றப்பட்ட படிகக்காரன் தன் வீட்டு வாசலுக்கு வெளியே நாற்காலியில் உட்கார்ந்து, லேசாகத் திறந்த கதவு வழியாக இடது காலை மட்டும் உள்ளே நீட்டினான். ஆலையில் இருந்து கூடவே வந்த காவலாளி பதிவேட்டில் 'கால் உள்ளே' என்று எழுதி நேரம் குறித்தார்.

கதவுக்கு அந்தப் பக்கம் அவள் தரையில் உட்கார்ந்து அந்தக் காலை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். நகம் வெட்டிவிட்டாள். குதிகாலில் வெடிப்பு வந்திருக்கிறது என்று திட்டினாள். எதிர்வீட்டு நாய் செத்துப்போனது, குழாய் ஒழுகுவது, புது ஆலையில் யாரோ யாரையோ முறைத்துக்கொண்டது எல்லாவற்றையும் காலிடம் சொன்னாள். தெருவில் போகிறவர்கள் நின்று பார்த்தார்கள். அவனுக்கு வெட்கமாக இல்லை. உறைக்குள் வியர்த்து வழிந்துகொண்டு, அந்த வாரத்திலேயே முதல் தடவையாக நிம்மதியாக உட்கார்ந்திருந்தான்.

அடுத்த புதன்கிழமை இடது காலில் கல் வந்துவிட்டது. மீதி உடம்போடு சேர்ந்து ஒரே கட்டிலில் படுத்தால் வேறென்ன நடக்கும்? அனுமதி ரத்து. அதற்குப் பிறகு சல்லடை புது விதி போட்டார். சான்றிதழ் வாங்கிய பாகத்தை வாங்காத பாகம் தொடக் கூடாது. முதுகு பாஸ் ஆகிவிட்டது, கை ஆகவில்லை என்றால் முதுகைச் சொறிய முடியாது. வலது முழங்கைக்கு அனுமதி கிடைத்த வாரம் அவன் முழங்கையை நீட்டிக்கொண்டே நடந்தான், தூங்கினான், சாப்பிட்டான். சொறிய வேண்டுமானால் மச்சினனைக் கூப்பிடுவான். அவன் புது சீப்பைப் பிரித்துக்கொண்டு மாடி ஏறி வருவான்.

"மாமா, கடையில ஆள் உட்கார்ந்திருக்காரு. எந்த வட்டாரம், சீக்கிரம் சொல்லுங்க."

இதையெல்லாம்கூட அவன் பொறுத்துக்கொண்டான். பொறுக்க முடியாமல் போனது வேறு ஒன்று. இரண்டாம் வாரத்தில் இருந்து மனைவி புலம்புவதை நிறுத்திவிட்டாள்.

அதுவரை போனை எடுத்ததும் சல்லடைக்கு வசைமாரிதான். அவன் இல்லாத வீடு காட்டுக் கத்தல் கத்தினாலும் திரும்பிப் பார்க்க ஆள் இல்லாத வீடு என்பாள். கால் அனுமதி ரத்தான அன்று, நாளைக்குக் காலையில் முதல் வேலையாகப் போய் அந்த அம்மாளை உண்டு இல்லை என்று ஆக்கிவிடப் போவதாகச் சொன்னாள். மறுநாள் பேசியபோது குரலில் சூடே இல்லை.

"சண்டை போட்டியா?"

"போனேன். சரி விடு. சாப்பிட்டியா?"

அவ்வளவுதான். அதற்குப் பிறகு தினமும் சாப்பிட்டியா, தூங்கினியா, இன்றைக்கு எந்த வட்டாரம் எடுத்தார்கள், வைத்துவிடட்டுமா. நன்றாக வேறு இருந்தாள். ஒருநாள் பாட்டுகூட முணுமுணுத்தாள். கண்ணாடிப் பிம்பம் போன்ற மூலக்கூறுகள் உண்டு, அணுவுக்கு அணு ஒன்றேதான், ஒன்று புதினா மாதிரி மணக்கும், மற்றது சீமைச்சோம்பு மாதிரி மணக்கும். போனில் பேசுகிறவள் தன் மனைவியின் கண்ணாடிப் பிம்பமோ என்று அவன் யோசிக்க ஆரம்பித்தான். குரல் அதே குரல், வாசம்தான் வேறு.

"பழகிப்போச்சு போல, மாப்ள," என்று மச்சினனிடம் சொன்னான். "நான் இல்லாம இருக்கப் பழகிட்டா."

"சும்மா இருங்க மாமா. அக்காவாவது, பழகுறதாவது."

"ஒரு தடவை சுகம் கண்டுட்டா அப்புறம் பழைய வடிவத்துக்கு யாரும் திரும்ப மாட்டாங்க. நான் தொட்டியில பார்த்தவன்."

மச்சினன் கையில் இருந்த சீப்பை என்ன செய்வது என்று தெரியாமல் அவன் முதுகைச் சொறிந்துவிட்டான்.

ஆறாவது வாரம் முப்பத்தோரு வட்டாரங்கள் பாஸ் ஆகிவிட்டன. இடது காது மட்டும் பாக்கி. அவன் அதைக் கழுவிக் கழுவிக் காது அப்பளம் மாதிரி மெலிந்துவிட்டது. வெள்ளிக்கிழமை காலை சல்லடையிடம் இருந்து போன் வந்தது. "உடனே புது ஆலைக்கு வாங்க. உள்ளேயே வாங்க," என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டார். காது தேறிவிட்டது என்று நினைத்து, செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு பாலத்தில் ஓடினான்.

வாசலில் காவலாளி பதிவேட்டைத் திறக்கவே இல்லை. "போங்க சார். இனிமே யாரு வந்தா என்ன," என்றார்.

சல்லடையின் அறை புது ஆலையின் முதல் மாடியில், தொட்டிக் கூடத்துக்கு நேர் மேலே இருந்தது. அந்த அம்மாள் ஆறு வாரத்தில் பத்து வயது கூடினவர் போல உட்கார்ந்திருந்தார்.

"எப்ப வந்தீங்க?" என்றார்.

"இப்பதான். ஓடி வந்தேன்."

"அதைக் கேக்கல. இதுக்கு முன்னாடி எப்ப ஆலைக்குள்ள வந்தீங்க? காலையில தொட்டியைத் திறந்தா அடி முழுக்கக் கல்லு. ஒரு ஊசி இல்ல. உங்களைத் தவிர யாரு கொண்டு வந்திருக்க முடியும்? ஒளிஞ்சு வந்து அவங்களைப் பார்த்திருக்கீங்க. உண்மையைச் சொல்லிடுங்க."

அவன் அவருக்குப் பின்னால் சுவர் அகலத்துக்கு இருந்த கண்ணாடி அலமாரியைப் பார்த்துக்கொண்டிருந்தான். அதில் வரிசை வரிசையாகக் குழாய்கள். ஒவ்வொன்றின் அடியிலும் பளபளவென்று கல். ஒவ்வொன்றிலும் சீட்டு: வலது முழங்கை. தொப்புள். கழுத்துப் பின்புறம். இடது கால், இரண்டாம் முறை. கீழ்த்தட்டில் அவன் தலைமுடி, மீசை, புருவம் எல்லாம் பைகளில்.

"மேடம், இதெல்லாம் என்ன?"

"ஆதாரம்."

"எதுக்கு ஆதாரம்?"

"உங்க உடம்புல கல்லு இருக்குங்கிறதுக்கு. ஒவ்வொரு குச்சியையும் நானே கையால எடுத்துட்டு வந்து, இங்கயே சோதிச்சு, இங்கயே..." சல்லடை அங்கே நிறுத்திவிட்டார். தன் கைகளைப் பார்த்தார். காலையும் மாலையும் அதே அங்கியோடு தான் இறங்கிப்போய்த் தொட்டியைப் பார்வையிடும் மாடிப்படியைப் பார்த்தார். பிறகு கோப்பை எடுத்து அவசர அவசரமாகப் புரட்டினார். "ஆட்கள் உள்ளே வரக் கூடாதுன்னுதான் இருக்கு," என்றார் மெல்லிய குரலில். "குழாய்க்கு விதி எதுவும் இல்ல."

"ஆறு வாரமா நான் இங்கதான் இருந்திருக்கேனா மேடம்?"

அவர் தலையைக் கவிழ்த்துக்கொண்டார். அவனுக்கு அவர்மேல் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை, பாவமாக இருந்தது. தலைமை அலுவலகத்தில் இனி இருமல் மருந்து செய்யலாமா என்று யோசிக்கிறார்களாம், திரவத்துக்கு வடிவம் என்ற தொல்லையே இல்லையாம் என்று சல்லடை தனக்குத்தானே சொல்லிக்கொண்டிருந்தபோது, அவன் படியிறங்கிக் கூடத்துக்குப் போனான். யாரும் தடுக்கவில்லை.

மனைவி தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்திருந்தாள். உள்ளங்கையில் கொஞ்சம் கல். கண் வீங்கியிருந்தது. ஆறு வாரத்துக்குப் பிறகு முழுசாக அவளைப் பார்த்ததில் அவனுக்கு ஒரே சந்தோஷம். அவளுடைய ஊசிகள் செத்துக்கிடக்கிற இடத்தில் இப்படிச் சந்தோஷப்படுகிறோமே என்று அசிங்கமாகவும் இருந்தது.

"சிரிக்காத," என்றாள் அவள்.

"சிரிக்கல. புருவம் இல்ல, அதான் அப்படித் தெரியுது." சற்று நின்று, "பொய். சந்தோஷமாத்தான் இருக்கு. மன்னிச்சிரு," என்றான். "மேல அலமாரியில குழாய் இருக்கு. அதுல இருந்துதான் வந்திருக்கு. உன் தப்பு எதுவும் இல்ல."

"தெரியும்."

"இப்பதான் சொன்னாங்களா?"

அவள் கையில் இருந்த கல்லைப் புரட்டிக்கொண்டே இருந்தாள்.

"ரெண்டாவது வாரமே தெரியும். உன் காலுக்காகச் சண்டை போட மேல போனேன்ல, அன்னைக்கே பார்த்தேன். பார்த்த நிமிஷமே இது எங்க போய் முடியும்னு தெரிஞ்சுது. இத்தனை வருஷமா இதே வேலை பார்க்கிறவ எனக்குத் தெரியாதா? உடனே கத்தியிருக்கணும். எண்பது பேரு இந்தத் தொட்டியை நம்பித்தான் இருக்காங்க."

"பின்ன ஏன் சொல்லல?"

"தினமும் மத்தியானம் அந்த அம்மா சாப்பிடப் போனதும் மேல போவேன். பத்து நிமிஷம் அலமாரி முன்னாடி உட்கார்ந்திருப்பேன். முழங்கை, கழுத்து, புருவம் எல்லாம் இருந்துச்சு." அவள் மூக்கை உறிஞ்சினாள். "சொன்னா எடுத்துட்டுப் போயிருவாங்க."

"எதை? குழாயையா?"

"உன்னை."